இடது துடுப்பு

பின்பாலுக்கு டோக்கன் கேட்பவர்களிடம்
முதலிலேயே சொல்லிவிடுவேன்:
சார், இடது துடுப்பு எழும்பாது.
பரவாயில்லை என்பார்கள்.
பந்து இடது பக்கம் இறங்கும்வரை
எல்லோருக்கும் பரவாயில்லைதான்.

அப்புறம் என்னிடம் வருவார்கள்.
இருபது ரூபாய்க்கு எவ்வளவு கோபம் வருமோ
அவ்வளவையும் கொண்டுவந்து
கவுண்ட்டரில் வைப்பார்கள்.
நான் புகார் நோட்டைத் தள்ளுவேன்,
நூல் கட்டிய பேனாவையும்.

புரசைவாக்கத்தில் இது மூன்றாவது மாடி.
லிஃப்ட் இரண்டோடு நின்றுகொள்ளும்.
மிச்சப் படிகளை ஏறி வருகிறவர்கள்
கீழே மனைவி புடவை எடுத்து முடிக்கட்டும் என்று வந்தவர்கள்,
கல்லூரியைக் கட்டடித்தவர்கள்,
சும்மா ஏசிக்காக வந்தவர்கள்.

மெஷினுக்கு முன்கால் ஒன்று குட்டை.
யாரோ விட்டுப்போன கல்யாணப் பத்திரிகையை
நாலாய் மடித்து அடியில் செருகியிருக்கிறேன்.
திருவளர்ச்செல்வி மாதுளா தெரிகிறது.
மாப்பிள்ளை மடிப்புக்குள் போய்விட்டார்.
மூன்று வருஷமாய் இருவரும் சேர்ந்து
பாரம் தாங்குகிறார்கள்.

மணி அடிக்கவேண்டிய இடத்தில் இருமுகிறது.
ரப்பர் இற்றுப்போன கம்பத்தில்
என் தலைமுடி பேண்ட், ஊதா.
ஸ்கோர் பலகையில் எட்டுக்கு நடுக்கோடு எரியாது;
எண்பத்தெட்டாயிரம் எடுத்தவருக்கு
ஐந்து பூஜ்யம்.
ரொம்ப ஆட்டினால் ஆட்டத்தை நிறுத்தும் ஊசல்
நான் வேலைக்குச் சேரும் முன்பே அறுந்துவிட்டது.
எவ்வளவு வேண்டுமானாலும் குலுக்கலாம்.
குலுக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் நோட்டு சேட்டிடம் போகும்.
லைட் எரியுதில்ல? என்பார்.
எரியுது சார், பாதி.
எல்லாப் புகாருக்கும் பக்கத்தில்
பச்சை மையில் ஒரு டிக் போட்டுத்
திருப்பித் தருவார்.

தயாபரன் மட்டும் எதுவும் எழுதியதில்லை.
கூரியர். இரண்டரைக்கு வருவார்,
நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோட்டோடு.
பையை என் காலடியில் போட்டுவிட்டு
மெஷினுக்கு இடுப்பைக் கொடுத்து நிற்பார்,
நெரிசலில் 29சி-யில் நிற்பதைப் போல.
பந்து இடப்பக்கம் சரியும்போது
ஒரு சின்னத் தள்ளு, அவ்வளவுதான்,
அது தானே வலதுக்கு வந்து சேரும்.
ஒற்றைத் துடுப்பில் இருபது நிமிஷம்.
எட்டா பூஜ்யமா என்று அவர்தான் சொல்வார்,
நான் நம்புவேன்.

மெயினை அணைத்தால்
எல்லாப் பெயரையும் மறந்துவிடும் மெஷின்.
பாட்டரி செத்து நாளாயிற்று.
அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து
பின்னோக்கி எழுதிவைத்தேன்:
தேதி, தயா, ஸ்கோர்.
முன்னாலிருந்து புகார்கள் வந்துகொண்டிருந்தன.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தை நினைத்து
சேட் எபினேசரை வரவழைத்தார்.
ஒரே நாள். காயில், பல்பு, ஊசல், புது ரப்பர்.
கண்ணாடியைத் தூக்கியபோது
ஒற்றைத் தோடு, இரண்டு டோக்கன்,
காய்ந்த கரப்பான்.
காலைச் சமன்செய்துவிட்டுப்
பத்திரிகையை என்னிடம் நீட்டினார்.
பிரித்துப் பார்த்தேன்.
மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில்
மடிப்பு தேய்ந்து ஓட்டை.

மறுநாள் இரண்டரை.
முதல் பந்துக்கு இடுப்பால் தள்ளினார்.
விளக்கெல்லாம் அணைந்து, மெஷின்
தப்பு செய்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தது.
மற்ற இரண்டும் நாலு நிமிஷத்தில் போயின.
இடது கை
பொத்தான் மேல் சும்மா கிடந்தது,
விருந்தாளி வீட்டு சோபாவில் உட்கார்ந்த மாதிரி.

யாருமில்லாத பக்கமாய்ச் சிரித்தார்.
நோட்டு குடுங்க என்றார்.
நின்றபடியே எழுதினார்:

இடது துடுப்பு எழும்புகிறது.
இப்படிக்கு, தயாபரன்.

வெள்ளிக்கிழமை சேட்
அதற்கும் ஒரு டிக் போட்டார்.